லோகிதாசன் எழுந்திருப்பதற்கு முன்

அரிச்சந்திர மயான காண்டத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? டி.வி.யிலோ சபாவிலோ இல்லை. கரிசல்காட்டு ஊர் ஒன்றின் பொட்டலில், உரச்சாக்கை விரித்துப் போட்டு, பபூன் அடிக்கிற பழைய ஜோக்குக்கெல்லாம் புதுசாகச் சிரித்து, ஆர்மோனியக்காரர் டீ குடித்துவிட்டு வருகிறவரை கொட்டாவியோடு காத்திருந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காகத் தமிழில் என்ன இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், நான் முதலில் அச்சடித்த புத்தகம் எதையும் சொல்ல மாட்டேன். இந்த நாடகத்தைத்தான் சொல்வேன். அதன் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. இந்த வாரம் அந்தக் குறையை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், பங்குனிப் பொங்கல் சமயத்தில், ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு ஊரில் நாடகம். நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய அணை இருக்கிறது. நதி என்றதும் காவிரியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். மழை பெய்தால் ஆறு. மற்ற நாளில் மணலும் சீமைக்கருவேலமும். குட்டம் என்றால் ஆழமான நீர்நிலை. ஆனை இறங்கிக் குளிக்கிற ஆழம் எந்தக் காலத்தில் இருந்ததோ! இந்த ஆறுதான் கீழே போய் இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் மாரியம்மன் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். ஆமாம், இந்தப் பக்கத்தில் ஃபேக்டரி என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ்தான். நாற்பது வருடங்களுக்கு முன்பு, எட்டு வயதுப் பிள்ளைகூட இங்கே 'ஆபீஸ்' போனது.

நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட பாதையில் வந்த ஸ்பெஷல் நாடகம். ராத்திரி பத்தரைக்குத் தொடங்கி, விசுவாமித்திரர், நட்சத்திரேசன், காசி நகரத்து ஏலம் எல்லாம் முடிந்து, லோகிதாசனைப் பாம்பு கடிக்கும்போது மணி மூன்றாகிவிட்டது. சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு வருகிறாள். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதை ஒட்டி இருக்கும். சந்திரமதி புலம்பப் புலம்ப இவரும் கூடவே புலம்பினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை. ஒப்பாரி தெரிந்தவர்களின் அழுகை. மேடையில் இருந்த நடிகை ஒரு அடியை விட்டால் இவர் எடுத்துக் கொடுப்பார் போலிருந்தது.

அரிச்சந்திரன் வாளை ஓங்குகிற கட்டம் வந்தது. ஆத்தா எழுந்தார். சாக்கை உதறி மடித்து இடுக்கிக்கொண்டார். யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

"வருசா வருசம் இப்படித்தான் அண்ணாச்சி" என்றார் நண்பர். "லோகிதாசன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிரும். அதோட மகன் சின்ன வயசுல வெடி ஆபீஸ்ல போயிட்டான்."

நான் ஆத்தாவின் பின்னாலேயே போனேன். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த இருட்டில் நடந்துகொண்டே என் மூளை போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. யாராவது அழுதால்கூட அதற்கு ஒரு விமரிசனக் கட்டுரை தயாராகிவிடும்.

அரிச்சந்திரன் கதையை வாய்மைக்காக எழுதப்பட்ட கதை என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். காந்தி சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்த்துத் தனக்குள்ளேயே திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்ததை சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1913ல் பால்கே எடுத்த நமது முதல் முழுநீளக் கதைப்படமும் அரிச்சந்திரன்தான். அதில் பிள்ளையாக நடித்தது பால்கேயின் சொந்த மகன். எல்லோருக்கும் உண்மைதான் முக்கியம், அரிச்சந்திரன்தான் முக்கியம். ஆனால் ராத்திரி மூன்று மணிக்குக் கரிசல்காட்டில் அந்த நாடகம் வேறு ஆளுடையதாக மாறிவிடுகிறது. அங்கே அவன் ஹீரோ இல்லை. கட்டணம் வசூலிக்கிற ஆள். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி வைக்காமல் பிணத்தை எரிக்கக் கூடாது என்று மறிக்கிறான். எதிரே நிற்பவள் தன் மனைவி, மடியில் கிடப்பது தன் மகன் என்று தெரிவதற்கு முன்பும் கேட்கிறான், தெரிந்த பின்பும் கேட்கிறான். கணவனுக்கு உண்மை, முதலாளி வீரபாகுவுக்குக் கால் பணம். சந்திரமதிக்கு என்ன? ஒரு முழத் துணிகூட இல்லை.

இன்றைக்கும் நம் ஊர்ச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அரிச்சந்திரன் என்று ஒரு கல் நிற்கும். பாடையை அங்கே ஒருமுறை இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சந்திரமதிக்குக் கல் கிடையாது. அவள் பெண்களின் வாயில் இருக்கிறாள். அழுவதற்கு அவள் கற்றுக்கொடுத்த பாட்டு போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தப் பாட்டு ஒன்றும் சின்ன விஷயமில்லை. நகரத்தில் நாம் துக்கத்தை மூன்று நாளில் பேசி முடித்துவிடுகிறோம். பதினாறாம் நாள் கழிந்தால், 'மனசைத் தேத்திக்கணும், ஆகவேண்டியதைப் பார்க்கணும்' என்கிறோம். பிள்ளை போய் முப்பது வருடம் கழித்தும் ஒரு தாய் ஊர் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்ற வசதியை இந்த நாடகம் செய்து கொடுத்திருக்கிறது. இதுவரைக்கும் மயான காண்டத்துக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

குறை அதன் முடிவில் இருக்கிறது. ஓங்கிய வாள் மாலையாகிறது. சிவபெருமான் வருகிறார், விசுவாமித்திரர் தோற்கிறார், லோகிதாசன் தூங்கி எழுந்த மாதிரி எழுந்து உட்காருகிறான். குலவை. பட்டாபிஷேகம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் சாமிகள் செத்த பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதில் மகா கெட்டிக்காரர்கள். திங்களூரில் அப்பூதி அடிகளின் மகனைப் பாம்பு கடித்தது. அப்பர் பாடினார், எழுந்தான். அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவன், சுந்தரர் பாடியதும் விழுங்கப்பட்ட நாளிலிருந்து வளர்ந்த வயதோடு கரைக்கு வந்தான். மயிலாப்பூரில் சாம்பலாகிப் போன பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பினார். சிறுத்தொண்டர் கதையைச் சொல்ல எனக்குக் கை கூசுகிறது. பெற்ற தாய் காலைப் பிடித்துக்கொள்ள, பெற்ற தகப்பன் அரிகிறார். கடைசியில் சீராளன் ஓடி வருகிறான். பக்தர்கள் என்னை மன்னிக்க வேண்டும். சேக்கிழாரின் தமிழுக்கு நான் அடிமை. ஆனால் பிள்ளை ஓடி வருகிறான் என்ற தைரியம் இல்லாவிட்டால் அந்தக் கதையை நம்மால் ஒரு பக்கம் படிக்க முடியுமா? ஓடி வராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள்?

அதனால்தான் அந்த ஆத்தா எழுந்து போனார் என்று முடிவு செய்தேன். அழுவது வரைக்கும் அந்த நாடகம் அவருடையது. பிள்ளை எழுந்ததும் அது வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. முடிவு பொய் என்று அவருக்குத் தெரியும், அதனால் பொய் தொடங்குவதற்கு முன் கிளம்பிவிடுகிறார். பிரமாதமான விமரிசகர் என்று எனக்குள் பாராட்டிக்கொண்டேன்.

தமிழில் ஒரே ஒரு பெரிய கவிஞர்தான் செத்த பிள்ளையை எழுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர். சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்ற சுடுகாட்டுக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறார். சார்ங்கலன் என்று ஒரு சிறுவன், துணையில்லாமல் அந்தச் சுடுகாட்டுக்குள் நுழைந்து, பேயைப் பார்த்துப் பயந்து ஓடி வந்து, அம்மாவின் முன்னால் விழுந்து உயிரை விடுகிறான். அம்மா பெயர் கோதமி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடு ராத்திரியில் போய், ஊரைக் காக்கிற சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். தெய்வமும் வந்து நிற்கிறது. 'என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு. கண் தெரியாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான்' என்று கேட்கிறாள். முடியாது என்கிறது தெய்வம். அப்படி மாற்றிக்கொள்ள முடியுமானால், செத்துப்போன ராஜாக்களுக்காக உயிரைக் கொடுக்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்? ராஜாக்களும் இந்தக் காட்டில்தானே கிடக்கிறார்கள்? கோதமி விடவில்லை. தேவர்கள் வரம் கொடுப்பார்கள் என்று வேதம் படித்தவர்கள் சொல்கிறார்களே, அது என்ன ஆச்சு என்று மடக்குகிறாள். சம்பாபதி என்ன செய்கிறது தெரியுமா? சக்கரவாளத்தில் உள்ள அத்தனை தெய்வங்களையும் வரவழைத்து நிறுத்துகிறது. 'இவர்களில் யாராலாவது முடியுமா, நீயே கேள்' என்கிறது.

உலக இலக்கியத்தில் தெய்வங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி நின்று, 'எங்களால் முடியாது' என்று ஒரு தாயிடம் ஒப்புக்கொள்கிற இடம் எத்தனை இருக்கும்? இதற்காகவே சாத்தனாரைக் கும்பிடலாம்.

ஆனால் அடுத்து அவர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கோதமி துயரம் நீங்கி, மகனைச் சுடலையில் இட்டு, தானும் உயிரை விடுகிறாள். சரி ஐயா, வீட்டில் கண் தெரியாத அந்த மனுஷன்? அவரைப் பார்த்துக்கொள்ளத்தானே ஆள் வேண்டும் என்று கேட்டாள்? சாத்தனார் அவரைப் பற்றி அப்புறம் மூச்சுவிடவில்லை. தத்துவம் சொல்லியாகிவிட்டது, கதை முடிந்துவிட்டது. புத்தர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். அவரிடம் வந்த கிசா கோதமிக்கு அவர் தத்துவம் சொல்லவில்லை. சாவே நடக்காத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று வேலை கொடுத்தார். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவும் எல்லா வீட்டிலும் இருந்தது. அந்தக் கதையை எல்லோரும் 'மரணம் பொது' என்ற பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது பாடம் இல்லை. துக்கத்தில் இருந்த ஒருத்தி அன்றைக்குப் பூராவும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் வீட்டுச் சாவைக் கேட்டுக்கொண்டு நின்றாள் என்பதுதான்.

சம்பாபதி சொன்ன காரணம் வினை. நம் பேச்சில் விதி. இந்த வார்த்தையைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும், ஏனென்றால் நாம் நிற்பது பட்டாசு வட்டாரத்தில்.

இங்கே ஒரு விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் ஒரு வாக்கியம் வரும். 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக...' நீங்களும் எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். அந்த வாக்கியத்தில் உராய்வு இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஆள் இல்லை. நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் பத்து பேரை உட்கார வைத்தது யார், உள்குத்தகைக்கு விட்டது யார், வெயில் நேரத்தில் மருந்து கலக்கச் சொன்னது யார், ஒருத்தரும் அதில் இல்லை. உராய்வு தானாக வருகிறது, தானாக வெடிக்கிறது. விதியும் அப்படித்தான். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் நாற்பது பேருக்குப் பக்கத்தில் செத்தார்கள். உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிப் போனவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். படித்துக்கொண்டே வேலைக்குப் போன கல்லூரிப் பெண் ஒருத்தியும் அதில் போனாள். இருபது வயதானால் என்ன, வீட்டுக்கு அவள் பிள்ளைதானே?

விதி என்ற வார்த்தையை ஒரு தாய் சொல்லலாம். அது அவளுக்கு ஊன்றுகோல். அதைப் பிடுங்க எனக்கோ, பகுத்தறிவு பேசுகிற என் நண்பர்களுக்கோ உரிமை கிடையாது. ஆனால் அதே வார்த்தையை முதலாளி சொன்னால்? துக்கம் விசாரிக்க வந்து, கையில் ஒரு கவரைக் கொடுத்து, 'எல்லாம் விதிம்மா' என்று சொன்னால்? வார்த்தை ஒன்றுதான். ஒரு வாயில் அது ஆறுதல், இன்னொரு வாயில் அது வாய்தா.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1991ல் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை விபத்துச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ல் வந்த தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 1990ல், சலம் பென்னூர்கர் என்ற கன்னடக்காரர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு தமிழ் ஆவணப்படம் எடுத்து இந்த ஊர்ப் பிள்ளைகளின் கதையை வெளி உலகத்துக்குக் காட்டினார். நம் ஊர்க் கதையைச் சொல்ல பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது என்பதை யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்து, பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர்ந்து, இன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் பஸ் நின்றுவிட்டது. நல்லது. அதற்கு முன்னால் போனவர்களைப் பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, எழுந்து வராத பிள்ளையின் கதைக்கு வேறு என்ன முடிவுதான் இருக்க முடியும்? காவியத்தில் கிடைக்காததை வாழ்க்கையில் தேடினால் எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வருகிறது. கரிபீரன் பரமேஸ்வரன், ஓ.என்.ஜி.சி.யில் இன்ஜினீயர். அவர் மனைவி சூடாமணி. 2004 டிசம்பர் 26 பரமேஸ்வரனின் பிறந்தநாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அன்று அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அவருடைய மூன்று குழந்தைகளும், வந்த உறவினர்களும் அதில் போனார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். இனி எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் அந்தத் தம்பதி நினைத்தார்கள். கொஞ்ச நாளில், பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். முதலில் சிலர், அப்புறம் பலர். அது இல்லமாயிற்று. அங்கே வளர்ந்தவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டார்கள். பிற்பாடு இவர்களுக்கும் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன.

அந்த இல்லத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'நம்பிக்கை'. தமிழில் இது கொஞ்சம் விசேஷமான சொல். கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, சக மனுஷன் மேல் வைப்பதும் நம்பிக்கை, நாளைக்கு விடியும் என்பதும் நம்பிக்கை. மூன்றும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று காலி செய்துகொண்டு போனாலும் வாடகைக்கு மற்ற இரண்டில் ஒன்று இருக்கும்.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு பயம். பத்திரிகைகளின் தன்னம்பிக்கைப் பக்கங்கள் இந்த மாதிரி மனிதர்களைக் கண்டால் உடனே சிலை வைத்துவிடும். 'அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?' பிள்ளையை இழந்தவரிடம் இப்படிக் கேட்பதைவிட அநாகரிகம் கிடையாது. எல்லோராலும் இல்லம் தொடங்க முடியாது. பலரால் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே முடியாது. பரமேஸ்வரன் – சூடாமணி கதையில் நான் மதிப்பது சாதனையை இல்லை. தங்கள் பிள்ளைகள் எதற்காகப் போனார்கள் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகு அவர்கள் வேலையைத் தொடங்கவில்லை. பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு கிடைத்திருக்காது.

இப்போது அந்த ஆத்தாவிடம் வருகிறேன்.

வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நான் தயங்கித் தயங்கி, "முடிவு பிடிக்காமத்தான் வந்துட்டீங்களா ஆத்தா?" என்று கேட்டேன்.

"பிடிக்காம என்ன? நல்லாத்தான் இருக்கும்" என்றார். "எம் மகன் பார்க்கலையே தம்பி."

அவர் சொன்னது இதுதான். அந்தக் காலத்தில் நாலு மணிக்கெல்லாம் ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அந்த வருடம் பொங்கலுக்கு இதே நாடகம். பையனுக்குப் பதினோரு வயது. தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாக மயானக் கட்டத்தில் பஸ் வந்துவிட்டது. 'லோகிதாசன் எந்திரிக்கிறதைப் பார்த்துட்டுப் போறேம்மா' என்றான். 'அன்னாடக் கூலியை எவன் குடுப்பான்'னு கையைப் பிடித்து இழுத்துப்போய் ஏற்றிவிட்டார். அழுதுகொண்டே போனான். அடுத்த வருடம் நாடகம் வரும்போது அவன் இல்லை.

"அவன் பார்க்காததை நான் மட்டும் எப்படிப் பார்க்க?"

பிரமாதமான விமரிசகர் என்று நான் பட்டம் கொடுத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? என் கட்டுரை மொத்தமும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

பிறகு நாலைந்து வருடம் இருக்கன்குடிக்குப் போகவில்லையாம். "ஆத்தாளோட பேச்சுவார்த்தையே இல்ல" என்றார். சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் என்கிற தோரணையில். அப்புறம் எப்படிப் பேச்சு வந்தது? பக்கத்து வீட்டில் ஒரு பெண் பிள்ளை. எட்டு வயதில் அதையும் பஸ் ஏற்ற ஆரம்பித்தார்கள். இவர் ராத்திரியே அதைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வார். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போகிற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டார். "பெத்தவ வந்து கிழிகிழின்னு கிழிப்பா. கூலியை நீ குடுன்னுவா. சில நாளு குடுத்திருக்கேன். சில நாளு ஏச்சு வாங்கியிருக்கேன்." அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனது. பத்தாவது வரைக்கும் படித்தது. பெரிய உத்தியோகம் ஒன்றும் பார்க்கவில்லை. சாத்தூரில் ஜவுளிக்கடை வேலை. கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபோது, ஆடி கடைசி வெள்ளிக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரமாகவே இருக்கன்குடிக்கு நடந்திருக்கிறார் ஆத்தா. முடி இறக்கி, மாவிளக்கு வைத்து, பல வருடம் கழித்து அம்மனிடம் பேசியிருக்கிறார்.

"என்ன பேசுனீங்க?"

"என்னத்தப் பேச! இதையாவது பார்த்துக்கோன்னேன்."

விடிய ஆரம்பித்திருந்தது. பொட்டலில் இருந்து மைக் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. ஆர்மோனியம் உச்சத்துக்குப் போயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். லோகிதாசன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது. ஆத்தா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

"கடுங்காப்பிதான் இருக்கு. குடிக்கிறீகளா தம்பி?" என்றார்.